ஸ்டோமாப் பையின் இரவுநேரக் கசிவு: மறைத்துத் தாங்காமல் கேட்டுத் தீர்ப்போம்

ஹரோவில் தமிழ் பேசும் வாசிகளுக்காக நடத்தப்பட்ட சுகாதாரச் சந்திப்பொன்றில், சபையின் மொழிபெயர்ப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



நான் வைத்தியரும் அல்லேன், தாதியும் அல்லேன். சட்டக்கல்வி பெற்று, பின்னர் இந்நாட்டில் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களில் ஒருவர். ஆங்கிலத்தில் வெளியாகும் அறிவித்தல்களையும் கைந்நூல்களையும் தமிழாக்குவதே என் பணி. இன்று நான் பேசவிருக்கும் பொருள் பலருக்குக் கூச்சம் தருவது. வயிற்றில் ஸ்டோமா அமைக்கப்பட்டுப் பை அணிந்திருப்பவர்களுக்கு இரவு நேரத்தில் அப்பை கசிவதைப் பற்றியது. இப்பொருளைப் பேச எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை என் வீட்டிலேயே உள்ளது.

சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாருக்குக் குடலில் சத்திரசிகிச்சை நடைபெற்று, இலியோஸ்டொமி அமைக்கப்பட்டது. அவர் எங்களோடு ஹரோவில் வசிப்பவர். வீடு திரும்பிய பின் தம் வேலைகளைத் தாமே கவனித்துக்கொண்டார். எல்லாம் நலமாக இருக்கிறது என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். மூன்று மாதங்கள் கழிந்தன. ஒருநாள் அதிகாலை மூன்று மணியளவில் குளியலறையில் நீர் ஓடும் ஓசை கேட்டு எழுந்து சென்றேன். அவர் குளியற்தொட்டியின் ஓரத்தில் அமர்ந்து படுக்கை விரிப்பைக் கையால் துவைத்துக்கொண்டிருந்தார். வாரத்தில் நான்கைந்து இரவுகள் பை கசிந்ததாகவும், கட்டிலில் படுக்க அஞ்சிப் பெரும்பாலான இரவுகளைக் கதிரையில் அமர்ந்தே கழித்ததாகவும் அப்போதுதான் அறிந்தேன். சலவை இயந்திரத்தின் ஓசை எங்களை எழுப்பிவிடும் என்பதால் கையால் துவைத்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “உனக்கு விடிய வேலைக்குப் போகவேணும், பிள்ளை. இதுக்கு ஏன் உன்னை எழுப்புவான்?” என்றார்.

பகல் முழுவதும் பிறருக்காகச் சுகாதாரத் தகவல்களைத் தமிழாக்கும் எனக்கு, என் வீட்டில் அடுத்த அறையில் நடந்தது தெரியவில்லை. மேசையில் இருந்த ஆங்கிலக் கைந்நூலை நானும் திறந்து பார்க்கவில்லை. ஆகவே இவ்வுரையின் வழியே நான் வேண்டுவது ஒன்றே. இரவுநேரக் கசிவை விதியென்றோ உங்கள் குற்றமென்றோ எண்ணித் தாங்கிக்கொள்ள வேண்டாம். அதற்கு ஒரு காரணம் இருக்கும். பெரும்பாலும் அதைக் கண்டறிந்து சரிசெய்ய இயலும். ஆனால் சொன்னால் மட்டுமே அது நடக்கும்.

ஸ்டோமா என்பது என்ன?

குடலின் ஒரு பகுதியை, அல்லது சிறுநீர் செல்லும் வழியை, வயிற்றின் முன்புறத்தில் ஒரு திறப்பின் ஊடாக வெளிக்கொணரும்போது அமைவதே ஸ்டோமா. பெருங்குடலிலிருந்து அமைவது கொலொஸ்டொமி. சிறுகுடலிலிருந்து அமைவது இலியோஸ்டொமி. சிறுநீருக்காக அமைவது யூரோஸ்டொமி. குடற் புற்றுநோய், குரோன்ஸ் நோய், பெருங்குடற் புண் அழற்சி, சிறுநீர்ப்பைப் புற்றுநோய், விபத்துக் காயம் முதலிய பல காரணங்களால் இச்சிகிச்சை தேவைப்படலாம். சிலருக்கு அது தற்காலிகமானது, சிலருக்கு நிரந்தரமானது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஸ்டோமாவைத் திறந்து மூடும் தசை கிடையாது. எனவே வெளியேற்றத்தை அடக்கிவைக்க எவராலும் இயலாது. விழித்திருப்பவராலும் இயலாது; உறங்குபவரிடம் அதை எதிர்பார்ப்பது முறையுமன்று. கசிவைத் தம் கவனக்குறைவு என்று கருதி வருந்தும் முதியோரும், அவ்வாறு கடிந்துகொள்ளும் குடும்பத்தினரும் இதை மனத்திற் கொள்ள வேண்டும்.

இரவில் ஏன் கசிகிறது?

பகலில் நாம் நிமிர்ந்து நடக்கிறோம்; வெளியேறுவது பையின் அடிப்பகுதிக்கு இறங்கிவிடுகிறது. படுத்திருக்கும்போது அது ஸ்டோமாவைச் சுற்றியே தேங்கி, தோலோடு ஒட்டியிருக்கும் தட்டின் அடியில் புக வழி தேடுகிறது. பல மணி நேரம் பையை எவரும் கவனிப்பதுமில்லை. இவற்றோடு வேறு காரணங்களும் சேர்கின்றன.

பை நிறைந்து, அதன் பாரம் தட்டை இழுப்பது ஒரு காரணம். காற்று நிறைந்து பை பலூன் போல உப்புவது மற்றொன்று. கொலொஸ்டொமி உள்ளோருக்கு, கெட்டியான மலம் கீழே இறங்காமல் ஸ்டோமாவின் மேலேயே அப்பிக்கொள்வதும் உண்டு. தட்டில் வெட்டிய துளை ஸ்டோமாவின் அளவுக்குப் பொருந்தாமல் இருக்கலாம். படுக்கும்போது வயிற்றில் மடிப்பு விழுந்து, தட்டு அவ்விடத்தில் விலகலாம். தோல் ஈரமாகவோ எண்ணெய்ப் பற்றுடனோ இருந்தால் பசை பிடிக்காது. வெளியேறுவது நீர்போல இருந்தால் சிறு இடைவெளியும் போதுமானது.

இவற்றுள் உங்கள் காரணம் எது என்பதை அறிய ஒரு வழி உண்டு. தீர்ப்புக் கூறுமுன் சான்றைப் பார்க்க வேண்டும் என்பது சட்டம் படிப்போருக்குக் கற்பிக்கப்படும் முதற்பாடம். இங்கே சான்று, கழற்றிய தட்டின் பின்புறத்தில் இருக்கிறது. அதை உடனே எறிந்துவிடாமல் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கத்திலேயே பசை கரைந்து தடம் தெரிந்தால், அப்பக்கத்தில் வயிற்றில் மடிப்போ பள்ளமோ இருக்கக்கூடும். துளையைச் சுற்றி முழுவதும் கரைந்திருந்தால் துளை பெரிதாக இருக்கலாம். தட்டு முழுவதும் ஊறிப் பருத்திருந்தால், மாற்ற வேண்டிய காலம் கடந்திருக்கலாம். கைத்தொலைபேசியில் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறு குறிப்பேட்டில் கசிந்த நேரம், கசிந்த பக்கம், இரவுணவு உண்ட நேரம், கடைசியாகப் பையைக் காலிசெய்த நேரம் ஆகியவற்றை ஒரு வாரம் எழுதிவையுங்கள். தமிழில் எழுதினால் போதும். ஸ்டோமாத் தாதியிடம் செல்லும்போது அந்தப் படங்களும் குறிப்பும் நீண்ட விளக்கத்தை விடப் பயன்படும்.

என் தாயாரின் தட்டில் துளையைச் சுற்றி முழுவதும் பசை கரைந்திருந்தது. காரணம் எளியது. சத்திரசிகிச்சைக்குப் பின் ஸ்டோமா வீங்கியிருக்கும். அடுத்துவரும் ஆறு முதல் எட்டு வாரங்களில் அது சுருங்கும். ஆகவே அக்காலத்தில் வாரந்தோறும் அளவட்டையால் அளந்து, துளையை அதற்கேற்பச் சிறிதாக்கி வெட்ட வேண்டும். ஸ்டோமாவின் ஓரத்துக்கும் துளையின் ஓரத்துக்கும் இடையே சுமார் 2 முதல் 3 மில்லிமீற்றர் இடைவெளி இருந்தாற் போதும். என் தாயாரோ முதல் நாள் தந்த மாதிரியை வைத்தே மூன்று மாதங்களாக வெட்டிவந்தார். மறுபடி அளக்க வேண்டும் என்பது அந்த ஆங்கிலக் கைந்நூலில் எழுதப்பட்டிருந்தது. அவருக்குப் புரியும் மொழியில் எவரும் அதைச் சொல்லியிருக்கவில்லை.

மாலை முதல் உறங்கும் வரை

இலியோஸ்டொமி உள்ளோருக்கு, உணவு உண்ட பின் சில மணி நேரங்களில் வெளியேற்றம் மிகும். வேலை முடிந்து வீடு திரும்பி இரவு ஒன்பது, பத்து மணிக்குச் சோறும் கறியும் உண்டு உடனே படுப்பது நம்மவரிற் பலரின் வழக்கம். அவ்வாறாயின் உறங்கும் நேரத்திலேயே பை நிறையும். இயன்றவரை இரவுணவை மாலை ஆறு, ஏழு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். பகலில் நிறைவாகவும் இரவில் அளவாகவும் உண்ணுங்கள். சோறு, வாழைப்பழம், மசித்த உருளைக்கிழங்கு, பாண் போன்றவை வெளியேற்றத்தைச் சற்றுக் கெட்டியாக்கும். சோடா வகைப் பானங்கள், பியர், வெங்காயம், பயறு வகைகள், கோவா ஆகியவை பலருக்குக் காற்றை மிகுவிக்கும். ஆனால் ஒருவருக்கு ஒத்துக்கொள்வது மற்றவருக்கு ஒத்துக்கொள்ளாது. உங்கள் குறிப்பேடே உங்களுக்கு வழிகாட்டும்.

தேங்காய்ப்பூ, கச்சான், முருங்கைக்காயின் நார், சோளம், காளான் போன்றவை இலியோஸ்டொமி உள்ளோருக்கு அடைப்பை ஏற்படுத்தக்கூடும். உண்பதாயின் சிறிதளவாக, நன்கு மென்று உண்ண வேண்டும். சம்பலும் புட்டும் இல்லாத வாழ்வு ஏது என்று என் தாயார் கேட்டார். தாதி அவற்றை முற்றாகத் தடைசெய்யவில்லை. குறைத்து, பகலில் உண்ணுமாறு கூறினார்.

இரவிற் கசியுமே என்று அஞ்சி, மாலைக்குப் பின் உண்ணாமலும் நீர் அருந்தாமலும் இருப்போர் உள்ளனர். இது ஆபத்தானது. இலியோஸ்டொமி உள்ளோரின் உடல் நீரையும் உப்பையும் எளிதில் இழந்துவிடும். விரதமோ நோன்போ மேற்கொள்ள விரும்புவோர் முன்கூட்டியே வைத்தியரிடம் பேச வேண்டும். உணவைத் தவிர்த்தால் காற்று மட்டும் பையில் நிறையும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

மிக நீர்த்தன்மையாக, மிக அதிகமாக வெளியேறும் நிலையில், வெறும் நீரையும் தேநீரையும் மேன்மேலும் அருந்தினால் உப்பிழப்பு கூடிவிடும். இத்தகையோருக்கு வைத்தியர்கள் பரிந்துரைக்கும் ஒரு கரைசல் நம் பகுதியின் பெயரோடு தொடர்புடையது. குடல் நோய்களுக்கென 1835ஆம் ஆண்டு பிரடெரிக் சால்மன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் லண்டன் நகரில் தொடங்கிய சென் மார்க்ஸ் வைத்தியசாலை, 1995ஆம் ஆண்டு இங்கே நோர்த்விக் பார்க் வளாகத்துக்கு வந்தது. அண்மைய ஆண்டுகளில் அதன் பணிகளிற் பெரும்பகுதி பார்க் ராயலிலுள்ள சென்ட்ரல் மிடில்செக்ஸ் வைத்தியசாலைக்கு மாறியுள்ளது. சென் மார்க்ஸ் கரைசல் என்று நாடெங்கும் அறியப்படும் அக்கரைசலில், 1 லீற்றர் நீருக்கு 20 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடியம் பைகார்பனேட் கலக்கப்படுகின்றன. இதை நீங்களாகவே அருந்தத் தொடங்க வேண்டாம். நீரிழிவு, இருதய நோய், சிறுநீரக நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளோருக்கு இது ஒவ்வாமற் போகலாம். வைத்தியரோ தாதியோ உணவியல் நிபுணரோ கூறிய பின்னரே அருந்துங்கள். வெளியேற்றத்தைத் தடிப்பாக்க லோபெரமைட் என்ற மருந்தும் உண்டு. அதன் அளவையும் நேரத்தையும் அவர்களே முடிவுசெய்ய வேண்டும்.

தட்டையும் பையையும் மாற்றுவதற்கு, அதிகாலையில் எதையும் உண்பதற்கு முன்னரான நேரம் ஏற்றது. அப்போது வெளியேற்றம் குறைவாக இருக்கும். வெதுவெதுப்பான நீரில் மென்மையான துடைப்பான்களால் தோலைச் சுத்தம்செய்து, நன்கு உலர்த்துங்கள். வாசனைச் சவர்க்காரம், குழந்தைகளுக்கான ஈரத் துடைப்பான், பவுடர், தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், மஞ்சள், சந்தனம் ஆகிய எவையும் அவ்விடத்தில் வேண்டாம். தோல் எரிந்தால் எண்ணெய் தடவுவது நம் வழக்கம். இங்கே அதுவே அடுத்த கசிவுக்குக் காரணமாகும். தட்டை ஒட்டுமுன் உள்ளங்கைகளுக்கிடையே சிறிது நேரம் வைத்துச் சூடாக்குங்கள்; ஒட்டிய பின் கையால் ஒரு நிமிடமேனும் மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். உடற்சூட்டில் பசை நன்கு பிடிக்கும்.

பை மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை நிறைந்ததும் காலிசெய்வது நல்லது. உறங்கச் செல்லுமுன் கட்டாயம் காலிசெய்யுங்கள். இலியோஸ்டொமி உள்ளோர், தொடக்கத்தில் இரவு இரண்டு அல்லது மூன்று மணிக்கு ஒருமுறை கடிகார மணி வைத்து எழுந்து காலிசெய்யலாம். கசிவினால் திடுக்கிட்டு எழுவதை விட, தாமே எழுந்து ஐந்து நிமிடத்தில் மீண்டும் படுப்பது மேல். இரவுக்கென அதிகக் கொள்ளளவுள்ள பைகளும் கிடைக்கின்றன.

யூரோஸ்டொமி உள்ளோர் இரவில் 2 லீற்றர் கொள்ளும் இரவுப்பையைக் குழாய் மூலம் இணைத்துக்கொள்ளலாம். இணைக்குமுன் வயிற்றுப் பையிற் சிறிதளவு சிறுநீரை விட்டுவைத்தால் ஓட்டம் தடைப்படாது. இரவுப்பை கட்டிலின் மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும். குழாய் முறுகக் கூடாது. கசிவுக்கு அஞ்சி நீர் அருந்துவதைக் குறைத்தால் சிறுநீர்த் தொற்று ஏற்படலாம்.

மல்லாந்து படுப்பதும், ஸ்டோமா உள்ள பக்கமாகச் சரிந்து படுப்பதும் பலருக்கு ஏற்றவை. மறுபக்கமாகச் சரிந்து படுப்போர், பையின் பாரம் தட்டை இழுக்காதவாறு அதனடியில் ஒரு சிறு தலையணையை வைக்கலாம். குப்புறப் படுப்பதைத் தவிருங்கள். இறுக்கமான இடுப்புப்பட்டியுள்ள இரவுடை வேண்டாம்.

கசிந்துவிட்டால்

எத்தனை கவனமாக இருந்தாலும் சில இரவுகளிற் கசியும். அதற்கு ஆயத்தமாக இருப்பவருக்கு அச்சம் குறையும். கட்டிலுக்கு அருகில் ஒரு பெட்டியில் புதிய தட்டும் பையும், முன்பே வெட்டிவைத்த துளையுடன், துடைப்பான்கள், பசைநீக்கி, கழிவுப் பைகள், ஒரு துவாய், மாற்றுடை ஆகியவற்றை வைத்திருங்கள். மெத்தையின் மேல் நீர்புகா உறை, அதன்மேல் விரிப்பு, அதன்மேல் இன்னொரு நீர்புகா உறை, அதன்மேல் இன்னொரு விரிப்பு என இரண்டு அடுக்காக விரித்துவையுங்கள். கசிந்தால் மேலடுக்கை மட்டும் உருவி எடுத்துவிட்டு, கீழடுக்கில் உடனே படுத்துக்கொள்ளலாம். நள்ளிரவில் துவைக்க வேண்டியதில்லை. விரிப்பைக் குளிர்ந்த நீரில் அலசி வைத்து, காலையில் இயந்திரத்தில் இடுங்கள்.

கசியும் தட்டின் ஓரத்தில் ஒட்டுநாடாவை ஒட்டி விடியும்வரை சமாளிக்க வேண்டாம். வெளியேறியது தோலின்மேல் தேங்கி நின்று புண்ணாக்கும். புண்ணான தோலில் அடுத்த தட்டு ஒட்டாது. கழற்றி, கழுவி, புதியதை அணியுங்கள். பயன்படுத்திய பையிலுள்ளதைக் கழிவறையிற் கொட்டிவிட்டு, பையைக் கழிவுப் பையில் இட்டுக் கட்டி, வீட்டின் பொதுக் குப்பைத் தொட்டியில் இடுங்கள். கழிவறைக்குள் பையைப் போட்டு நீர் ஊற்றக் கூடாது. மீள்சுழற்சித் தொட்டியிலும் இடக் கூடாது. தொற்றுநோய் காரணமாக வேறு ஏற்பாடு தேவையெனின் தாதி அறிவிப்பார்.

யாரிடம் கேட்பது?

முதலிற் கேட்க வேண்டியவர் ஸ்டோமாத் தாதி. சத்திரசிகிச்சை நடந்த வைத்தியசாலையில் இத்துறையில் தனிப் பயிற்சி பெற்ற தாதியர் உள்ளனர். ஐந்து, பத்து ஆண்டுகள் கடந்தவர்களும் மீண்டும் அவர்களை நாடலாம். உடல் எடை கூடினாலும் குறைந்தாலும், ஸ்டோமாவின் அருகே குடலிறக்கம் ஏற்பட்டாலும், முன்பு பொருந்திய தட்டு பொருந்தாமற் போகும். பள்ளத்துக்கேற்ப முன்புறம் மேடிட்ட தட்டு, இடைவெளியை அடைக்கும் வளையம், ஓரங்களைப் பிடித்துவைக்கும் பட்டைகள், இடுப்புவார் எனப் பல வகைகள் உள்ளன. அவற்றில் எது உங்களுக்குரியது என்பதை உங்கள் வயிற்றைப் பார்த்து, அமர்ந்தும் படுத்தும் காட்டச் சொல்லித் தாதியே முடிவுசெய்வார். தொடர்பு விபரம் தெரியாவிட்டால் உங்கள் ஜிபியிடம் கேளுங்கள்.

ஆங்கிலம் தடையாக இருந்தால், தேசிய சுகாதார சேவையில் உரைபெயர்ப்பாளரைக் கேட்கலாம். அதற்கு நீங்கள் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. சந்திப்பை ஏற்பாடு செய்யும்போதே கேளுங்கள். தொலைபேசியில் இரண்டு வாக்கியங்கள் போதும்: “மை ஸ்டோமா பேக் லீக்ஸ் அட் நைட். ஐ நீட் அ தமிழ் இன்டர்பிரெட்டர், ப்ளீஸ்.” பேரப்பிள்ளைகளை உரைபெயர்க்க அழைத்துச் செல்லாதீர்கள். அவர்கள் முன்னிலையில் நீங்கள் பாதியை மறைப்பீர்கள். மீதியை அவர்களால் சரியாகச் சொல்ல இயலாது.

“உரைபெயர்ப்பாளர் நம் ஊரவராக இருந்துவிட்டால்?” என்ற அச்சம் எனக்குத் தெரியும். நம் சமூகம் சிறியது. உரைபெயர்ப்பாளர் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். கேட்டதை வெளியிற் சொல்வது அவருடைய தொழில் ஒழுக்கத்துக்கு முரணானது. அதன் பின்னும் தயக்கம் இருந்தால், தொலைபேசி வழியே உரைபெயர்ப்பவரைக் கேளுங்கள். அவர் உங்கள் முகத்தைக் காணமாட்டார். பெண்கள் பெண் உரைபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பைகள் மருந்துச்சீட்டின் மூலம் கிடைப்பவை. பை அணியத் தேவையுள்ள நிரந்தர ஸ்டோமா, இங்கிலாந்தில் மருந்துச்சீட்டுக் கட்டண விலக்குக்குரிய நிலைகளுள் ஒன்று. ஜிபி நிலையத்தில் எஃப்பி 92ஏ என்ற படிவத்தைக் கேட்டு விண்ணப்பித்தால் மருத்துவ விலக்குச் சான்றிதழ் கிடைக்கும். அது பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். 60 வயதை அடைந்தோருக்கு எவ்வாறாயினும் கட்டணம் இல்லை. பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும், துளையை உங்கள் அளவுக்கு வெட்டித் தரும் வழங்குநர்களும் உள்ளனர். கை நடுங்குவோரும் பார்வை குன்றியோரும் இதைக் கட்டாயம் கேட்டறிய வேண்டும். பைகள் தீர்ந்துவிடுமே என்று ஒன்றை நாட்கணக்கில் அணிந்திருக்க வேண்டியதில்லை.

உதவிக் கொடுப்பனவுகளில் நம்மவர் தம் நிலையைக் குறைத்தே எழுதுகின்றனர். அரச ஓய்வூதிய வயதை அடைந்தோருக்கான அட்டென்டன்ஸ் அலவன்ஸில், பகலில் தேவைப்படும் உதவியோடு இரவில் தேவைப்படும் உதவியும் கணிக்கப்படுகிறது. அவ்வயதுக்குக் குறைந்தோருக்கான பிப் கொடுப்பனவின் 2013ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள், கழிவைச் சேகரிக்கும் சாதனத்தைப் பயன்படுத்துவதையும் அதன் பின் தம்மைச் சுத்தம்செய்துகொள்வதையும் மதிப்பீட்டுக்குரிய செயலாகவே வரையறுத்துள்ளன. பை அணிந்திருப்பதனால் மட்டும் இவை கிடைத்துவிடா. உங்களுக்கு எவ்வளவு உதவி தேவைப்படுகிறது என்பதே பார்க்கப்படும். ஆகவே இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள், யார் விரிப்பு மாற்றுகிறார், எவ்வளவு நேரம் செல்கிறது என்பவற்றை உள்ளவாறே எழுதுங்கள். விசாவில் வாழ்வோர், விண்ணப்பிக்குமுன் தகுதியுள்ள ஆலோசகரிடம் தம் குடிவரவு நிலையைக் காட்டி ஆலோசனை பெற வேண்டும்.

சில அறிகுறிகள் தோன்றினால் சந்திப்புக்குக் காத்திராதீர்கள். ஸ்டோமா கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ கறுப்பாகவோ மாறுதல், வயிற்றுவலி, வாந்தியோடு சில மணி நேரமாக எதுவும் வெளியேறாதிருத்தல், நிற்காத இரத்தப்போக்கு, நீர்போல மிகுதியாக வெளியேறித் தலைசுற்றலும் சோர்வும் ஏற்படுதல் ஆகியவை உடனடிக் கவனத்துக்குரியவை. 111 என்ற இலக்கத்தை அழையுங்கள். உயிராபத்து எனத் தோன்றினால் 999. அங்கும் தமிழில் உரைபெயர்ப்பைக் கேட்கலாம்.

ஒரு சகோதரி சொன்னதால்

நிறைவாக ஒரு வரலாற்றுச் செய்தி. இன்று நாம் அணியும் ஒட்டும் பை எவ்வாறு உருவானது என்று தெரியுமா? 1954ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டில் தோரா என்ற பெண்ணுக்கு ஸ்டோமா அமைக்கப்பட்டது. அக்காலத்தில் நம்பத்தகுந்த பை இல்லை. பொது இடத்திற் கசிந்துவிடுமே என்று அஞ்சி அவர் வீட்டை விட்டு வெளியேறத் தயங்கினார். அவருடைய சகோதரி எலிஸ் சோரன்சன் ஒரு தாதி. சகோதரியின் அச்சத்தைக் கேட்டறிந்த அவர், தோலில் ஒட்டிக்கொள்ளும், ஒருமுறை அணிந்து எறியக்கூடிய பையைச் சிந்தித்தார். நெகிழிப் பொருட்கள் செய்த ஓகே லூயிஸ்-ஹான்சன் என்பவரிடம் அந்த எண்ணத்தைக் கொண்டுசென்றார், பை உருவானது. தோரா தம் அச்சத்தைத் தமக்குள்ளேயே வைத்திருந்தால், அவருடைய சகோதரிக்கு இந்த எண்ணம் தோன்றியிருக்க வாய்ப்பில்லை.

என் தாயாரின் கதையையும் முடித்துவிடுகிறேன். தாதி புதிதாக அளந்து, துளையைச் சிறிதாக்கி, ஒரு வளையத்தையும் சேர்த்துத் தந்தார். இரவுணவு ஆறரை மணிக்கு மாறியது. நாங்களும் அவரோடு அந்நேரத்திலேயே உண்ணப் பழகிக்கொண்டோம். இப்போதும் எப்போதாவது ஓர் இரவு கசிவதுண்டு. அப்போது என் கதவைத் தட்டுகிறார். நான் மேலடுக்கு விரிப்பை உருவி எடுப்பேன். அவர் குளியலறையில் பையை மாற்றிக்கொள்வார். பத்து நிமிடத்தில் இருவரும் மீண்டும் உறங்கிவிடுவோம். அவர் உறங்குவது கட்டிலில்தான்.

உங்கள் வீட்டிலும் ஸ்டோமாப் பை அணிந்த ஒருவர் இருந்தால், இன்றிரவு அவரிடம் கேளுங்கள்: “இரவில் நன்றாக உறங்குகிறீர்களா? பை கசிகிறதா?” அவர் இல்லை என்று உடனே கூறினால், சில நாட்கள் கழித்து இன்னொரு முறை கேளுங்கள். அவ்வாறு பை அணிந்திருப்பவர் நீங்களாயின், விடிந்ததும் தாதிக்கு ஒரு தொலைபேசி அழைப்பை மேற்கொள்ளுங்கள்.